ஆபரேஷன் மேசைக்கு எந்தத் தலையணை? துணிச்சுருள், ரெக்சின், ஜெல், ஒருமுறை ஃபோம்: ஓர் ஒப்பீடு

தொண்டியிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ், கீழக்கரையில் பத்துப் படுக்கையோடு நர்ஸிங் ஹோம் நடத்தும் ஒரு டாக்டர், ராமநாதபுரத்தில் சோபாவுக்கும் மெத்தைக்கும் ஃபோம் வெட்டித் தரும் ஒரு தம்பி. மூன்று பேரும் ஒரே மாதத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் தலைக்கும் முழங்கைக்கும் குதிகாலுக்கும் கீழே வைக்கிற தலையணை, ஒருவருக்கு வைத்துவிட்டு எடுத்துப் போட்டுவிடுகிற ஃபோமாக இருக்கலாமா, இல்லை பழையபடி ரெக்சினே போதுமா? நர்ஸுக்குச் சுத்தத்தைப் பற்றிக் கவலை. டாக்டருக்குச் செலவு. தம்பிக்கு, தானே வெட்டிக் கொடுத்தால் என்ன என்ற யோசனை. மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் இந்தக் கடலோரத்தில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தென்கடல் பக்கத்து ஊரிலிருந்து வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் வந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சிறுநீரகக் கல் ஆபரேஷன், மூன்று மணி நேரம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வார்டுக்குப் போனபோது, "தம்பி, சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கெடக்குப்பா. ஊசி பிடிக்க வரல" என்றார். அவர் சொன்னது வலை ஊசி. முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டி ஓடுகிற அல்நார் நரம்பு அழுந்திவிட்டது. கை பழையபடி வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் அவர் வலையைத் தொடவில்லை. முழங்கைக்குக் கீழே நான் வைத்தது நாலாக மடித்த ஒரு டவல். அது எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. ஆபரேஷனுக்காகப் போர்த்திய பச்சைத் துணிக்கு அடியில் இருந்தது. நன்றாகத் திண்டு வைத்தாலும் சிலருக்கு இந்த நரம்பு பாதிக்கப்படும், ஆண்களுக்கு அதிகம் என்று பிறகு படித்தேன். ஆனாலும் அந்த டவல் என் மனதை விட்டுப் போகவில்லை.

எதை வைத்து அளப்பது

மயக்கத்தில் இருப்பவர் புரண்டு படுக்க மாட்டார். வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டார். அதனால் தலையணை செய்ய வேண்டிய முதல் வேலை, எடையை ஒரே இடத்தில் விழவிடாமல் பரப்புவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 4.5 கிலோ. அது பின்மண்டையில் 30 சதுர சென்டிமீட்டர் இடத்தில் மட்டும் தாங்கினால், அந்தத் தோலில் விழும் அழுத்தம் சுமார் 110 மி.மீ. பாதரசம் (பி.பி. அளக்கிற அதே அலகு). அதே தலை 150 சதுர சென்டிமீட்டரில் பரவி உட்கார்ந்தால் 22. தோலில் உள்ள தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் ரத்தம் நுழைகிற முனையில் சுமார் 32 மி.மீ. அழுத்தம் இருப்பதாக 1930-இல் யூஜின் லாண்டிஸ் என்ற உடலியல் ஆய்வாளர் அளந்து சொன்னார். எல்லா உடம்புக்கும் எல்லா இடத்துக்கும் அந்த எண் பொருந்தாது. ரத்த அழுத்தம் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் 110-க்கும் 22-க்கும் நடுவே எங்கோ கோடு இருக்கிறது என்பது புரிகிறது அல்லவா? நாம் தலையணைக்குக் காசு கொடுப்பது இந்தப் பரப்புக்குத்தான்.

இரண்டாவது, நேரம். ஒரு மணி நேரம் தாங்கிய ஃபோம் நாலு மணி நேரத்தில் அமுங்கி மேசையைத் தொட்டுவிடலாம். இதற்குக் கருவி ஏதும் வேண்டாம். நோயாளி படுத்திருக்கும்போதே தலையணைக்கும் மேசைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால், அதாவது நடுவில் ஓர் அங்குலம்கூட ஃபோம் மிச்சமில்லை என்றால், அந்தத் தலையணை வேலை செய்யவில்லை.

மூன்றாவது, சுத்தம். இவை தோலைத் தொடுகிற பொருட்கள்தான், காயத்துக்குள் போவதில்லை. அதனால் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிப் பெட்டியில்) வைத்து எடுக்கிற அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை. மேற்பரப்பு முழுசாக இருந்து, கிருமிநாசினியால் துடைக்க முடிந்தால் போதும். மேற்பரப்பு முழுசாக இருந்தால் என்ற அந்த ஒன்றில்தான் நம்ம ஊரில் பிரச்சினை வருகிறது.

நான்காவது, உப்புக்காற்று. மதுரையில் எழுதப்பட்ட கொட்டேஷனில் இதற்குக் கட்டம் இருக்காது. அப்புறம் எக்ஸ்ரே, தீ, கழிவு, இடம் எல்லாம் உண்டு. அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

துணிச்சுருளும் சலைன் பையும்

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சுருட்டிய டவல் உயரம் கொடுக்கும், பரப்பு கொடுக்காது. நாலு மடிப்புக்கு மேல் போனால் கிட்டத்தட்டப் பலகைதான். மடிப்பின் ஓரம் தோலில் தழும்பாகப் பதியும். துணி நனைந்தால் உராய்ந்து தோலையும் உரிக்கும். மணல் மூட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் எக்ஸ்ரேயில் நிழலாக விழும்.

சலைன் பையைத் துணியில் சுற்றி, ஒருக்களித்துப் படுத்தவரின் மார்புக்குக் கீழே வைப்பது பல இடங்களில் பழக்கம். அக்குளுக்குள் வைக்காமல் அதற்குச் சற்றுக் கீழே, விலாவில் வைத்தால் அவசரத்துக்குப் பரவாயில்லை. சூடாக்கிய பையை மட்டும் வைக்கவே கூடாது. மயக்கத்தில் உள்ளவரின் தோல் வெந்துபோவது நடந்திருக்கிறது.

துணிச்சுருள் சரியாகப் பொருந்துகிற ஒரே இடம், பக்கவாட்டில் கை சரியாமல் அணைத்துப் பிடிப்பது. எடை தாங்குகிற இடத்தில் வேண்டாம்.

ரெக்சின் உறை போட்ட ஃபோம்

நம் பக்கத்து நர்ஸிங் ஹோம்களில் பெரும்பாலும் பார்ப்பது இதுதான். உள்ளூர்க் கடையிலேயே கேட்ட அளவில் தைத்துத் தருவார்கள். நல்ல ஃபோம் போட்டு, நல்ல உறையோடு இருக்கும்வரை குறை சொல்ல எதுவுமில்லை.

எத்தனை நாள் அப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. போன வாடைக்காலத்தில் ஒரு தியேட்டரில் பத்து மாதம் பழகிய தலையணை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மேலே பார்த்தால் பளபள என்று இருந்தது. ஓரத்துத் தையலில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. பிளேடால் தையலைப் பிரித்தோம். வெடிப்புக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஃபோம் பழுப்பாகி, தொட்டால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பெட்டாடின் கறை ஒரு வளையம், அதைச் சுற்றி வேறு ஏதோ ஒரு கறை. வாடை கப்பென்று அடித்தது. தினமும் ஹைப்போ கரைசலால் (குளோரின் கலந்த கிருமிநாசினி) ஒழுங்காகத் துடைத்திருக்கிறார்கள். துடைத்ததில் ஒரு பங்கு உள்ளே போயிருக்கிறது, ரத்தத்தோடு சேர்த்து. ஹைப்போவே ரெக்சினைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும் என்பது இன்னொரு சங்கடம்.

கடலோரத்தில் ராத்திரி ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால், ஈரக்காற்று குளிர்ந்த மேசையில் பனியாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஈரம் தையல் ஓட்டை வழியாக ஃபோமுக்குள்ளும் போகிறது. ஆகவே ரெக்சின் வாங்குவதானால் தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய ஓரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தையல் கீழ்ப்பக்கம் வருவது போலத் தைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். காற்று எங்கே சீறுகிறதோ அங்கே ஓட்டை. ஓட்டை விழுந்ததை டேப் ஒட்டி ஓட்டாதீர்கள்.

ஜெல் பேட்

பரப்பு என்ற ஒரே அளவில் பார்த்தால், நீண்ட ஆபரேஷனுக்கு ஜெல் நல்லது. எடைக்கு ஏற்பக் குழைந்து கொடுக்கும், ஃபோம் மாதிரி நாளடைவில் அமுங்கிப்போகாது, உப்புக்காற்றைச் சட்டை செய்யாது.

குறைகள் மூன்று. கனம், முழு நீளப் பேடைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். குளிர்ச்சி, இரவெல்லாம் ஏ.சி.யில் கிடந்த ஜெல் நோயாளியின் உடல் சூட்டை உறிஞ்சும், வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, துளை. போர்த்திய துணியைப் பிடிக்கிற கூர்முனை டவல் கிளிப் ஒன்று குத்தினால் போதும், அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) வைத்துச் செய்யும் ஆபரேஷனாக இருந்தால், படம் எடுக்கிற இடத்தில் தடித்த ஜெல் வேண்டாம். அங்கே ஃபோம்தான் படத்தில் தெரியாமல் இருக்கும்.

ஒருமுறை ஃபோம்

இதன் பெரிய பலம், முகம். முதுகெலும்பு ஆபரேஷனுக்கு நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும்போது தலையின் எடை முழுவதும் நெற்றியிலும் தாடையிலும் கன்ன எலும்பிலும் விழுகிறது. கண்ணில் விழக் கூடாது. விழித்திரைக்குப் போகிற ரத்தம் தடைபட்டால் பார்வையே போகலாம், போனது திரும்புவதும் அரிது. ஆகவே கண், மூக்கு, வாய் மூன்றுக்கும் இடம் விட்டு வெட்டிய, வாயில் போட்ட மூச்சுக் குழாய் பக்கவாட்டில் வெளியே வர வழி வைத்த தடிமனான ஃபோம் வேண்டும். அதில் எச்சில் ஒழுகும், கண் களிம்பு ஒட்டும், மருந்து வழியும். இத்தனை குழியும் வளைவும் உள்ள ஒன்றை ரெக்சினில் தைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு மடிப்பு வரும், ஒவ்வொரு மடிப்பிலும் அழுக்கு சேரும். ஒருவருக்கு வைத்துவிட்டு எடுத்துப் போடுவதுதான் இங்கே முறை. இதில் நான் இரண்டாவது யோசனைக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

அடுத்த பலம், சீழ் பிடித்த காயம், தீக்காயம் போன்றவற்றோடு வருகிற நோயாளிகள். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. ஒருமுறை என்றால் ஒரு நோயாளிக்கு என்றுதான் பொருள், ஓர் ஆபரேஷனோடு முடிய வேண்டியதில்லை. ரத்தம் படாத குதிகால் திண்டை நோயாளியோடு வார்டுக்கு அனுப்பலாம். இடுப்பு எலும்பு முறிந்து பத்து நாள் படுக்கையில் கிடக்கிற பாட்டிக்கு, குதிகாலைத் தூக்கி வைக்கிற அந்தத் திண்டு தியேட்டரில் செய்ததைவிட வார்டில் அதிக உபகாரம் செய்யும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். ஃபோம் முக்கால்வாசிக்கு மேல் காற்று. 25 × 20 × 14 சென்டிமீட்டர் தலையணை ஏழு லிட்டர் இடம் பிடிக்கும், 30 டென்சிட்டி ஃபோமில் (கன மீட்டருக்கு 30 கிலோ) அதன் எடை 210 கிராம்தான். மாதம் பதினைந்து வாங்கினால் எடை சுமார் மூன்று கிலோ, இடம் 105 லிட்டர். இருநூறு லிட்டர் டிரம்மில் பாதி. பார்சல்காரர் இடத்துக்குத்தான் காசு கேட்பார். காற்றை உறிஞ்சித் தட்டையாக்கி அனுப்புகிற பாக்கெட்டுகள் உண்டு, ஆனால் மட்டமான ஃபோம் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் பழைய உயரத்துக்கு வராது. பிரித்து ஒரு நாள் கழித்து அளந்து பாருங்கள். ஸ்டோர் ரூமில் எலி இருந்தால் அதற்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவு இன்னொன்று. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி ரத்தமோ உடல் திரவமோ பட்ட படுக்கைப் பொருட்கள் மஞ்சள் பைக்குப் போக வேண்டும். மஞ்சள் பை பெரும்பாலும் எரிப்புக்கு. பை எடையில் கனக்காது, இடத்தில் நிறைந்துவிடும். ராமேஸ்வரம் தீவுக்குள் இருப்பவர்களுக்குக் கழிவு வண்டி பாம்பன் பாலம் தாண்டி வர வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் பையைச் சேர்த்து வைக்கவும் கூடாது. மாதாந்திரக் கட்டணம் எப்படிக் கணக்காகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்தப் பை எந்தக் காரணத்துக்காகவும் குப்பை மேட்டுக்கோ கடற்கரைக்கோ போய்விடக் கூடாது. உதிர்கிற ஃபோம் கடலில் கலந்தால் பொறுக்கி எடுக்க முடியாது.

தீ. இந்த ஃபோம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது எரியும், எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். உறை இல்லாத ஃபோம், தோலைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற ஸ்பிரிட் கலந்த மருந்தைக் குடித்துக்கொள்ளும். மேலே உலர்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். பக்கத்திலேயே காட்டரி (மின்சூட்டால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி), முகமூடியில் ஆக்சிஜன். மருந்து வழிகிற பக்கத்தில் ஒரு துணியைச் செருகிவிட்டு, துடைத்து முடித்ததும் அதை உருவி எடுத்துவிடுங்கள். ஃபோமே நனைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, கோபத்தோடுதான் சொல்கிறேன். ஒருமுறை ஃபோமைக் கழுவி, பிழிந்து, மொட்டை மாடியில் காயவைத்து அடுத்தவருக்கு வைக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் காய்ந்தது மேல்தோல் மட்டும்தான். ரத்தம் நுண்ணறைகளுக்குள் உறைந்து கிடக்கும், ஃபோமும் பாதி உயரம் இழந்திருக்கும். அப்படிச் செய்யத்தான் போகிறோம் என்று தெரிந்தால் தயவுசெய்து ரெக்சினே வாங்குங்கள்.

காசுக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் பதினைந்து ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம்.

| வகை | வாங்கும் விலை (உதாரணம்) | உழைப்பது | ஒரு நோயாளிக்கு | கணக்கைக் கெடுப்பது |
|---|---|---|---|---|
| ரெக்சின் | ₹1,200 | 10 மாதம், 150 பேர் | ₹8 + துடைப்பு, மேலுறை ₹12 | வெடிப்பைக் கவனிக்காமல் விடுவது |
| ஜெல் செட் | ₹18,000 | 5 வருடம், 900 பேர் | ₹20 + துடைப்பு | முதல் வருடமே துளை விழுந்தால் ₹100 |
| ஒருமுறை ஃபோம் | ₹250 | ஒருவர் | ₹250 + கழிவு, பார்சல் | பார்சல், இருப்பு வைக்கும் இடம் |

ரெக்சினைவிட ஒருமுறை ஃபோம் பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஆகவே எல்லா இடத்துக்கும் அதையே வைப்பது சிறு மருத்துவமனைக்குத் தேவையும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. 250 ரூபாய் எங்கே தன் வேலையைச் செய்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் செலவு செய்யுங்கள்.

யாருக்கு எது

கீழக்கரை டாக்டருக்கு: உங்களிடம் பெரும்பாலும் சிசேரியன், ஹெர்னியா, முதுகில் ஊசி போட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற ஆபரேஷன்கள். நோயாளி விழித்திருக்கிறார், கழுத்து வலித்தால் சொல்வார். தலைக்கு ரெக்சின் போதும். ஆனால் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கிறது, குதிகால் வலித்தால் சொல்ல அவரால் முடியாது. கெண்டைக்கால் முழுக்கத் தாங்கி, குதிகால் மேசையைத் தொடாமல் நிற்கிற மாதிரி ரெக்சின் திண்டு ஒரு ஜோடி தைத்துக்கொள்ளுங்கள். முழங்கைக்கு இன்னொரு ஜோடி. முழு மயக்கம், சீழ்க் காயம் இவற்றுக்காக ஒருமுறை ஃபோம் பத்து வைத்திருங்கள், போதும்.

தொண்டி நர்ஸ் அம்மாவுக்கு: மாதம் நாலைந்து முதுகெலும்பு ஆபரேஷன் என்று எழுதியிருந்தீர்கள். முகத்துக்கு ஒருமுறை ஃபோம்தான், பேரம் வேண்டாம். மார்புக்கும் இடுப்புக்கும் ஜெல்லோ நல்ல ரெக்சின் திண்டோ வைத்து, வயிறு தொங்கலாக இருக்கும்படி பாருங்கள். எந்தத் தலையணை வைத்தாலும் கண்ணை அடிக்கடி பார்க்க வேண்டும். மேசையை ஏற்றி இறக்கிய ஒவ்வொரு முறையும் மறுபடி பார்க்க வேண்டும்.

நாலைந்து மணி நேர ஆபரேஷன்கள் வாரம் முழுக்க நடக்கிற பெரிய இடங்களுக்கு ஜெல் செட் கட்டாயம் தேவை. அவர்களுக்கு என் யோசனை வேண்டியிருக்காது.

தம்பி, நீங்களே வெட்டுவதானால்

உங்கள் கடையில் "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி" என்று கேட்டு வாங்குவார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டரின் எடை. கெட்டியா மெதுவா என்பது வேறு கணக்கு. சுண்ணாம்புத் தூள் கலந்தும் எடையைக் கூட்டலாம், அப்படிப்பட்ட ஃபோம் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். ஒரு துண்டின் மேல் ஐந்து கிலோ எடையை நாலு மணி நேரம் வைத்து, எடுத்தபின் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாலியெஸ்டர் வகை ஃபோம் ஈரச் சூட்டில் சிதையும், பாலியீத்தர் வகை தாங்கும். நம் கடற்கரைக்குப் பின்னதுதான். 1966-இல் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்காக உருவான மெமரி ஃபோமும் நல்லதே, ஆனால் குளிர்ந்த தியேட்டரில் முதலில் விறைப்பாக இருக்கும், விலையும் கூட. தூக்கி எறியும் பொருளுக்கு அது வேண்டாம்.

தெர்மாகோலை வெட்டுகிற சூட்டுக் கம்பியால் பாலியூரித்தேனை வெட்டாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். கத்தியால் வெட்டி, துகள்களைக் காற்றடித்து நீக்குங்கள். வெட்டிய ஓரம் முகத்தைத் தொடும் இடத்தில் கூராக இருக்கக் கூடாது. நடுவில் வட்ட ஓட்டை போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எடை வளையத்தின் விளிம்பில் குவியும், நெடுநேரம் அழுந்திய இடத்தில் முடிகூடக் கொட்டும். பின்மண்டைக்கு ஆழமில்லாத கிண்ணம் போன்ற பள்ளம் போதும். விற்பதற்கு முன் மருத்துவச் சாதன விதிகள், 2017-இன் கீழ் என்ன பதிவு தேவை என்று விசாரித்துவிடுங்கள்.

முதல் மாதிரியைத் தம்பி போன வாரம் எடுத்து வந்தார். 14 சென்டிமீட்டர் உயரம், கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரே நீண்ட பள்ளம், இடப்பக்கம் குழாய்க்கு வழி. நடுவில் திறப்புள்ள ஒரு பெஞ்சில் வைத்து, அதில் அவரையே குப்புறப் படுக்கச் சொன்னேன். கீழே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து இருபது நிமிடம் விட்டேன். முதலில் எல்லாம் சரியாக இருந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் ஃபோம் இறங்கியது, வலது புருவம் பள்ளத்துக்குள் சரிந்தது. கண்ணாடியில் வலது இமை ஃபோமைத் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அண்ணே, இரண்டு சென்டி அகலம் கூட்டுறேன், உயரமும் ஒண்ணு ஏத்திடுறேன்" என்றார். பழைய துண்டின் மேல் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.